நெருப்பு கடைசியில்தான் வருகிறது

‘ஃபாரன்ஹீட் 451’ பற்றி யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். கொடுங்கோல் அரசாங்கம் ஒன்று இருக்கும், புத்தகம் வைத்திருப்பவன் வீட்டைக் கொளுத்தும், கொளுத்துகிற வேலையில் இருக்கும் ஒருவன் மனம் மாறுவான். அவ்வளவுதான் கதை. கூடவே எரிகிற புத்தகத்தின் படம் ஒன்று, அதன் அடியில் ஒரு பொன்மொழி. யாருக்கு எந்த அரசாங்கத்தின் மேல் கோபமோ அந்த அரசாங்கத்தின் பெயரைப் போட்டுக் கொள்ளலாம். டிஸ்டோபியா வகை நாவல்களுக்கு இங்கே கிடைக்கிற மரியாதை இதுதான்: எதிரியை அடிக்க ஒரு தடி.

இந்தப் பதிலைச் சொல்கிறவர்கள் நாவலைப் படிக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஏனென்றால் நாவலே இதை மறுக்கிறது. 1953-ல் ரே பிராட்பரி எழுதிய அந்தக் கதையில் நெருப்பு கடைசியில்தான் வருகிறது. அதற்கு ரொம்ப முன்னாலேயே ஜனங்கள் படிப்பதை விட்டுவிட்டார்கள். யாரும் மிரட்டவில்லை. தாங்களாகவே விட்டார்கள்.

எங்கோ அமெரிக்காவில் எழுதிய கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. இதே கதை நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் நடந்திருக்கிறது. மலையடிவாரத்திலும் நடந்திருக்கிறது. ஆனால் அதற்கு முன், நாவலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

தீ வைக்கிற தீயணைப்புக்காரர்கள்

மான்டாக் ஒரு தீயணைப்புக்காரன். வீடுகளையெல்லாம் தீப்பிடிக்காதபடி கட்டிவிட்ட காலம், அதனால் தீயணைப்புத் துறைக்குப் பழைய வேலை இல்லை. ஒளித்து வைத்த புத்தகங்களைத் தேடிப் போய்க் கொளுத்துவதுதான் புது வேலை. அவன் மனைவி மில்ட்ரெட், சிப்பி மாதிரி குட்டி ரேடியோவைக் காதில் செருகிக்கொண்டு தூங்குகிறவள். வீட்டு வரவேற்பறையில் மூன்று சுவர்களிலும் முழுக்க முழுக்கத் திரை. நாலாவது சுவருக்கும் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவள் லட்சியம். திரையில் வந்து போகிறவர்களைத்தான் ‘குடும்பம்’ என்கிறாள்.

ஒரு ராத்திரி அவள் ஒரு பாட்டில் தூக்க மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிடக்கிறாள். வருவது டாக்டர் இல்லை, மெஷினைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர். வயிற்றைக் கழுவி, ரத்தத்தை மாற்றிவிட்டுக் கிளம்புகிறார்கள். ஒரு ராத்திரிக்கு இப்படி ஒன்பது பத்து கேஸ் வருகிறதாம். காலையில் அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. பசிக்கிறது என்கிறாள்.

கொல்லிமலைப் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதாகத் தெரியாது. காற்றிலும் மழையிலும் அழகு குறையாத கொல்லிப்பாவையைச் சங்கப் பாட்டு சொல்கிறது. பிற்பாடு வந்த கதைகளில் அவள் சிரித்தே மயக்கி ஆளைக் கொல்கிறவள். மில்ட்ரெட் வீட்டுச் சுவரில் சிரித்துக் கொண்டிருப்பது அவள்தான்.

மான்டாக்கின் மேலதிகாரி பீட்டி ஒரு நீண்ட பேச்சு பேசுகிறான். நாவலின் முதுகெலும்பே அதுதான். இந்தத் தடை மேலேயிருந்து வந்த உத்தரவில் ஆரம்பிக்கவில்லை என்று அவன் ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறான். முதலில் பெரிய இலக்கியங்களைக் கால்மணி நேர ரேடியோ நிகழ்ச்சியாக வெட்டினார்கள். அப்புறம் இரண்டு நிமிஷத்தில் படிக்கிற குறிப்பு. அப்புறம் அகராதியில் பத்து வரி. இதற்கு நடுவில் அவரவர் தங்களுக்குப் பிடிக்காத பக்கத்தை நீக்கச் சொன்னார்கள். மிஞ்சியது உப்புச் சப்பில்லாத கூழ். அதை யாரும் சீந்தவில்லை. எல்லோரும் கைகழுவிய பிறகு தீப்பெட்டியோடு வந்து சேர்ந்தது அரசாங்கம்.

இதை வில்லன் பேச்சு என்று ஒதுக்கவும் வழியில்லை. நாவலில் நல்லவராக வருகிற ஃபேபரும் இதையேதான் சொல்கிறார். அவர் இலக்கியப் பேராசிரியர். கடைசிக் கலைக் கல்லூரியும் மாணவர் சேராமல், ஆதரிக்க ஆளில்லாமல் மூடப்பட்டபோது வேலை இழந்தவர். (கலைக் கல்லூரியில் படிக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.) தீயணைப்புக்காரர்கள் சும்மா ஒரு வேடிக்கைக்குத்தான், அவர்கள் இல்லாமலே ஜனங்கள் படிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பது அவர் கட்சி. 2007-ல் ஒரு பேட்டியில் பிராட்பரியும், இது அரசுத் தணிக்கை பற்றிய கதையே இல்லை, டி.வி. வாசிப்பை அழிப்பது பற்றியது என்றார். எழுதியவர் சொல்லிவிட்டால் அதுவே தீர்ப்பு என்று கிடையாதுதான். ஆனால் பீட்டியும் ஃபேபரும் நாவலுக்குள்ளேயே நிற்கிறார்களே!

சாமையை யார் தடை செய்தார்கள்?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அங்கே மலைவாழ் மக்களின் சாப்பாடு தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு. சாமையிலேயே பல ரகம் வைத்திருந்தார்கள். பிறகு மேட்டு நிலமெல்லாம் மரவள்ளி ஏறிவிட்டது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற கிழங்கு அது.

சாமையை யார் தடை செய்தார்கள்? ஒருவரும் இல்லை. ஒரு சட்டம் கிடையாது, ஒரு சுற்றறிக்கை கிடையாது. மரவள்ளி போட்டால் கையில் காசு. ரேஷன் கடையில் அரிசி. சாமையின் உமியை எடுப்பதோ இடுப்பை ஒடிக்கிற வேலை. பெண்கள் மணிக்கணக்கில் உரலில் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். அந்த உலக்கையை ஒரு நாளும் பிடிக்காதவர்களுக்கு அவர்களைக் குறை சொல்ல உரிமை இல்லை. ஆனால் விளைவு விளைவுதான். விதைப்பதை விட்டுவிட்ட ரகம் சில வருஷத்தில் இருந்த சுவடே இல்லாமல் போய்விடும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அந்த மலையில் விதை வங்கிகள் அமைத்து, உமி நீக்குகிற மெஷின்களைக் கொண்டுவந்து, மிச்சம் இருந்ததைக் காப்பாற்றப் போராடியது. எதைக் கவனித்தார்கள் என்று பாருங்கள். விதையை மட்டும் வைத்திருந்தால் போதாது, அதைச் சாப்பாடாக்குகிற கஷ்டத்தையும் குறைக்க வேண்டும் என்று புரிந்துகொண்டார்கள்.

2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. ஊரெல்லாம் விழா, ஊரெல்லாம் போஸ்டர். விழா எடுப்பது வேறு, விதைப்பது வேறு. புத்தகத்துக்கும் இதே கணக்குத்தான். வாசிப்பைப் புகழ்ந்து பேச மேடை நிறைய ஆள் உண்டு. உட்கார்ந்து ஒரு நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவன் எங்கே?

வெட்கப்பட்ட ஓரி

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்குச் செம்மேட்டில் குதிரை மேல் அமர்ந்த சிலை இருக்கிறது. வருஷா வருஷம் ஆடி 17, 18 தேதிகளில் அவன் பெயரில் அரசு விழா, கூடவே மலர்க் கண்காட்சி. நல்ல விஷயம்தான். ஆனால் ஓரி யார் என்று கேட்டால் என்ன பதில் வரும்? கடையெழு வள்ளல்களில் ஒருவன், ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன். இரண்டு மார்க் கேள்விக்கு இது போதும். பீட்டியின் அகராதியில் பத்து வரியாவது இருந்தது. இது ஒன்றரை வரி.

அந்த அம்பு வருவது புறநானூற்றின் 152-ஆம் பாட்டில். எழுதியவர் வன்பரணர். அதைப் படித்தால் அம்பு சீக்கிரம் பின்னால் போய்விடுகிறது. முன்னால் வருவது ஒரு மனிதன். காட்டில் அந்த வேட்டைக்காரனைப் பார்க்கிற பாணர் கூட்டம், ஆள் யாரென்று நிச்சயமாகத் தெரியாமலே பாட ஆரம்பிக்கிறது. பாட்டில் தலைவனைக் குறிக்கும் சொல் வந்ததும், அது தன்னைத்தான் சொல்கிறது என்று அவனுக்கு வெட்கமாகப் போய்விடுகிறது. உங்களைப் போல யாரும் இல்லை என்று அவர்கள் புகழ, வந்த காரியம் என்ன என்று சொல்லக்கூட அவர்களை அவன் விடவில்லை. மான் இறைச்சியும் மதுவும் கொடுத்து, மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான்.

தன் புகழைக் கேட்கக் கூசியவன் அவன். ஒன்றரை வரிக் குறிப்பில் தப்பிப் போனது அந்தக் கூச்சம். அது தப்பிப் போனதால்தான், புகழுக்கு நாணியவனைப் பற்றி ஒலிபெருக்கி வைத்துப் புகழ் பாடுவதில் யாருக்கும் உறுத்தலே இல்லை.

அந்தப் பாட்டு இன்று கைக்குக் கிடைப்பதே பெரிய விஷயம். 1894-ல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தார். அவர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதை ‘என் சரித்திரம்’ நூலில் இருக்கிறது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளைச் சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோம நெருப்பில் போட்டுவிட்டதாக அவர் கேள்விப்படுகிறார். வேறு இடங்களில் ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் வெள்ளத்தோடு விட்டார்கள். அதே ஆடிப் பதினெட்டு! கொல்லிமலையில் ஓரிக்கு விழா நடக்கிற அதே நாள்.

எந்தக் கொடுங்கோலன் இதற்கு உத்தரவு போட்டான்? தீயணைப்பு வண்டி எதுவும் வரவில்லை. மரியாதையோடு, நெய் விட்டு, நல்ல நாள் பார்த்து எரித்தார்கள். படிக்க ஆள் இல்லாமல் போன ஏடு வீட்டுக்குச் சுமை, அவ்வளவுதான். பிராட்பரி பிறப்பதற்கு முன்பே தமிழ்நாட்டில் நடந்து முடிந்த ‘ஃபாரன்ஹீட் 451’ இது.

நகல் எடுத்த பக்கங்கள்

அதெல்லாம் பழங்கதை என்கிறவர்களுக்கு ஒரு புதுக்கதை. கொல்லிமலை இருக்கிற அதே நாமக்கல் மாவட்டம், திருச்செங்கோடு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-ல் வெளிவந்த நாவல். நாலு வருஷம் அது பாட்டுக்குக் கடையில் இருந்தது. 2014 டிசம்பரில் அதன் பிரதிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரி 12-ல் நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ என்ற பெயரில் எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்கினார்கள். தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் ஃபேஸ்புக்கில் அறிவித்தார். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர்நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தை முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்புச் சொல்லி, அவரை மறுபடி எழுத வரச் சொன்னது.

இதில் நெருப்பைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது. நெருப்புக்கு முன்னால் நடந்ததைப் பேசியவர்கள் குறைவு. நாவலிலிருந்து சில பக்கங்களை மட்டும் பொறுக்கி, நகல் எடுத்து ஊரில் விநியோகித்தார்கள். குழந்தை இல்லாத காளிக்கும் பொன்னாவுக்கும் நடுவில் இருக்கிற அன்பு, ஊர் வாய்க்குப் பயந்து அவர்கள் ஒடுங்கிப் போவது, அதுதான் நாவல். அந்த நகலில் அது இருக்க வழியே இல்லை. சில பக்கம் மட்டும் கொடுத்தால் எந்த நாவலையும் கொளுத்த வைக்கலாம். கொளுத்தியவர்கள் அதற்குள் ‘சுருக்கம்’ வாசித்து முடித்திருந்தார்கள்!

எதிர்ப்பக்கத்தையும் விடக்கூடாது. கருத்துச் சுதந்திரம் என்று அப்போது முழங்கியவர்களில் எத்தனை பேர் அந்த நாவலை வாங்கி முழுக்கப் படித்தார்கள்? படிக்காமல் கொளுத்துவது குற்றம். எழுத்தாளனின் உரிமைக்காகப் பேச அவன் நாவலைப் படித்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லைதான். ஆனால் படிக்காமல் அதைத் தலையில் வைத்து ஆடுவதும் அந்தக் குற்றத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டு பேரின் கையிலும் புத்தகம் இருக்கிறது. இரண்டு பேரும் திறக்கவில்லை.

அப்படியானால் யாழ்ப்பாணம்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். ஜனங்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு அதிகாரத்தைத் தப்ப விடுவதா? யாழ்ப்பாணம் பொது நூலகத்தை யார் எரித்தது? 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த அந்த நெருப்பில் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அங்கே ஜனங்கள் படிப்பதை விட்டுவிட்டதாலா எரித்தார்கள்?

இல்லை. அங்கே எரித்தது அந்த ஊர் ஜனங்கள் இல்லை. அந்தப் பழியை வாசகர்கள் மேல் போடுகிறவன் மனிதனே இல்லை. ஆனால் அந்த நெருப்பு இன்னொன்றையும் காட்டுகிறது. 1930களில் ஒரு தனி மனிதர் தன் வீட்டில் தொடங்கிய வாசகசாலை, ஊர் ஜனங்கள் கொடுத்துக் கொடுத்து நூலகமாக வளர்ந்தது. வாசிக்கிற ஊர் அது. அதனால்தான் அதை உடைக்க நினைத்தவர்களுக்கு நெருப்பு தேவைப்பட்டது. வாசிக்கிறவர்களிடமிருந்து புத்தகத்தைப் பறிக்கத்தான் பெட்ரோல் வேண்டும். வாசிக்காத ஊருக்கு எதற்குச் செலவு? கரையானே பார்த்துக்கொள்ளும். எரித்த நூலகம் திரும்ப எழுந்து 2003-ல் திறக்கப்பட்டதும் அதே காரணத்தால்தான். அதைத் தேடுகிற ஆட்கள் இருந்தார்கள்.

அதிகாரத்தை எதிர்க்க வேண்டும் என்பவர்கள், அது எரிக்க நினைக்கிற அளவுக்காவது ஒரு புத்தகத்தைப் படித்து வைத்திருக்க வேண்டாமா?

சுருக்கம் போதாதா?

கடைசியாக ஒரு சாக்கு. நேரம் இல்லை, முழுசாகப் படிக்க முடியாதவன் சுருக்கமாவது படிக்கட்டுமே, ஒன்றும் தெரியாததற்கு அது மேல் இல்லையா? நோட்ஸ், பத்து நிமிஷ வீடியோ, கேட்டவுடன் கம்ப்யூட்டர் எழுதித் தருகிற சாராம்சம்... எல்லாம் இந்தச் சாக்கில் வந்தவைதான்.

இதற்குப் பதில் இந்த நாவலின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 1967-ல் பதிப்பகத்தார் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ‘ஃபாரன்ஹீட் 451’-க்கு ஒரு தனிப் பதிப்புப் போட்டார்கள். அதில் கெட்ட வார்த்தைகளையும் சங்கடமான இடங்களையும் சத்தமில்லாமல் வெட்டியிருந்தார்கள். புத்தகத்தை வெட்டுவது பற்றிய புத்தகத்தையே வெட்டினார்கள்! பல வருஷம் எழுதியவருக்கே தெரியாது. அவருக்குத் தெரியவந்தது மாணவர்கள் எழுதிய கடிதங்களால். 1979-ல் முழுப் பதிப்பு திரும்ப வந்தது. எந்த விமர்சகரும் பிடிக்காத திருட்டைப் படிக்கிற பிள்ளைகள் பிடித்தார்கள். சுருக்கத்தைப் படித்திருந்தால் எது காணாமல் போனது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

சுருக்கத்தில் வராதது என்னென்ன என்று பாருங்கள். மான்டாக் ரயிலில் போகும்போது, பறிபோவதற்குள் பைபிளை மனப்பாடம் செய்துவிடப் பார்க்கிறான். ஒலிபெருக்கியில் பற்பசை விளம்பரம் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஒரு வரி நிற்கமாட்டேன் என்கிறது. சின்ன வயதில் சல்லடையில் மணலை நிரப்பப் பார்த்து அழுத ஞாபகம் அவனுக்கு வருகிறது. கையில் போனோடு படிக்க உட்கார்கிற ஒவ்வொருவனுக்கும் அந்த ரயில் தெரியும். இன்னொரு இடத்தில், மில்ட்ரெட்டின் தோழிகளுக்கு அவன் ஒரு கவிதையை வாசிக்கிறான். அவர்களில் ஒருத்தி ஏன் என்று தெரியாமலே விம்மி அழுகிறாள். இன்னொருத்தி, இதனால்தான் கவிதையே கூடாது என்று சண்டைக்கு வருகிறாள். இரண்டு பேரிலும் நியாயம் இருக்கிற மாதிரி எழுதியிருக்கிறார் பிராட்பரி.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. கணவனும் மனைவியும் முதன்முதலில் எங்கே சந்தித்தோம் என்று நாவலின் தொடக்கத்தில் இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. மில்ட்ரெட் சிரித்துவிட்டு மாத்திரை தேடப் போகிறாள். நாவலின் முடிவில், நகரத்தின் மேல் குண்டு விழுகிற அந்தக் கணத்தில், தூரத்தில் மண்ணைக் கவ்விக் கிடக்கிற மான்டாக்குக்குச் சட்டென்று நினைவு வருகிறது: சிகாகோ. அவளிடம் சொல்ல அவள் இல்லை. முதலில் மறந்ததைக் கூடவே சுமந்துகொண்டு வந்தவனுக்குத்தான் கடைசியில் அந்த ஊர்ப் பெயர் வலிக்கும். சுருக்கம் படித்தவனுக்கு சிகாகோ என்பது ஒரு ஊர்.

சுருக்கம் பொய் சொல்வதில்லை. ஓரி ஐந்து மிருகத்தை வீழ்த்தியது பாட்டில் இருப்பதுதான். ஆனால் சுருக்கத்துக்கு வெட்கம் தெரியாது, மறதி தெரியாது, அழுகை தெரியாது. தெரிந்துகொண்டோம் என்ற திருப்தியை மட்டும் கொடுத்து, தேடிப் போகிற பசியை அடைத்துவிடுகிறது. அரை வயிற்றுக்கு மரவள்ளி மாதிரி.

நாவல் ஒன்றும் மலை இல்லை. ஆங்கிலத்தில் சுமார் 46,000 வார்த்தைகள். புறநானூற்று 152-ஆம் பாட்டு முப்பத்திச் சொச்சம் வரி, உரை வைத்துக்கொண்டு படித்தால் அரைமணி நேரம். கொஞ்சம் குத்திப் புடைக்க வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூடச் செய்யாதவர்கள், எரிகிற புத்தகத்தின் படத்தைப் போட்டு அரசாங்கத்தைத் திட்டுவதற்கு முன்னால், தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வரட்டும்.